நீரோட்டம் காணப்படவில்லை

யாராவது நன்றி சொன்னால் சாருக்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும். "உங்களாலதான் சார்..." என்று ஆரம்பித்தாலே முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். கை பின்கழுத்துக்குப் போகும். தண்ணீர் பாட்டிலைத் தேடுவார், பிறகு போனைத் தேடுவார், கடைசியில் வாசலைத் தேடுவார். நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்தோம். அடக்கத்துக்கு இப்படி வியர்க்குமா என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒருமுறை மாமல்லபுரத்தில், அவர் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திய சின்னச் சின்ன அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டோம். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதை அளக்கிறவர்கள், பள்ளிக்கூடக் கூரைகளின் சூட்டைத் தணிக்க வழி பார்க்கிறவர்கள், ஏரிகளின் எல்லையை வரைகிறவர்கள். பிறகு, வெள்ளம் வருமுன் போனில் குரல் செய்தி அனுப்பி ஆட்களை எழுப்புகிற நாங்கள், அதாவது நானும் பிரவீனும். எல்லாருமே லாபம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, மாறிப்போன மழையோடும் வெயிலோடும் மல்லுக்கட்டக் கிளம்பியவர்கள். கூட்ட முடிவில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக அவருக்குத் தெரியாமல் ஓர் ஏற்பாடு. மைக்கில் கூப்பிட்டதும் ஆளைக் காணோம். பிரவீன் ஆடையும் கையுமாக வெளியே ஓடினான். உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த சிற்பக்கூடத் தெருவின் முனையில் அவர் ஒரு பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாராம். இழுத்துவந்தான். அவர் ஆடையை வாங்கி, மண்டபத்து வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளியின் தோளில் போட்டுவிட்டுத் தானே முதலில் கை தட்டினார். எல்லாரும் தட்டினோம். கிணற்று உப்புக் குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எந்த அறிக்கையிலும், எந்தப் பலகையிலும் தன் பெயர் வரக்கூடாது என்பதுதான் அவர் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்த ஒரே விஷயம். எங்களுக்கு அவர் வெறும் சார்.

நான் மதுராந்தகம் பக்கம். அப்பாவுக்கு நெல் வியாபாரம். சிறுசேரியில் மென்பொருள் வேலையில் இருந்தவள், கூட வேலை பார்த்த பிரவீனோடு சேர்ந்து அதை விட்டுவிட்டு இதில் இறங்கியபோது அப்பா அதிகம் பேசவில்லை. "ஸ்டார்ட்அப்னா பணம் கொட்டும்னு பேப்பர்ல போடறான். உன்னுது லாபமே வேணாம்ன்ற ஸ்டார்ட்அப்பு. அப்ப அத்த இன்னாத்துக்கு ஸ்டார்ட் பண்ணணும்?" என்று ஒரு தடவை கேட்டார்.  ஏரி மதகுகளின் பக்கத்தில் நீர்மட்டம் அளக்கும் கருவிகளைப் பொருத்தியிருந்தோம். எண்கள் வந்துகொண்டே இருந்தன. ஏரி ஏறுகிறது என்று தெரிந்தது. அந்தத் தண்ணீர் எந்தத் தெருவுக்கு, எப்போது போய்ச் சேரும் என்றுதான் தெரியவில்லை. அதற்கு மழைக் கணக்கு வேண்டும், நிலத்தின் மேடு பள்ளம் வேண்டும், பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்று தெரிய வேண்டும். யாரும் தரவில்லை.

அப்போதுதான் யாரோ சொல்லி அவரிடம் போனோம். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. இரண்டு அறைகள், அதுதான் அவர் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரிக் காற்று, மூடினால் ஜெராக்ஸ் மெஷினின் சூடு. அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு. நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, இடையில் ஒரு வார்த்தை பேசாமல், தன்னிடம் இருந்த மழைக் கணக்குகளையும் செயற்கைக்கோள் படங்களையும் அன்றைக்கே எங்கள் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். என்ன கட்டணம் என்று கேட்டோம். நீங்கள் அளப்பதை மற்றவர்களுக்கும் திறந்து வையுங்கள், அவ்வளவுதான் என்றார்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. கிணற்று உப்புக் குழுவுக்கும் எங்களுக்கும் ஆரம்பத்தில் ஆகாது. நாங்கள் மாதக்கணக்கில் வெயிலில் அலைந்து எடுத்த எண்களை அவர்கள் ஏன் சும்மா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரவீன் முறுக்கிக்கொண்டான். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். சார் எங்கள் இரண்டு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார். "உங்க ஏரித் தண்ணி இவங்க கிணத்துக்குப் போவுது. அது உங்களைக் கேட்டுகினா போவுது? தண்ணி போற எடத்துக்கு டேட்டா போகக்கூடாதா?" என்றார். பிறகு டீ வாங்கிவரச் சொன்னார். டீ தீரும்போது எண்களைப் பொதுவில் வைக்க ஒத்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு எங்கள் எச்சரிக்கைகள் பொய்க்கவில்லை. அவர்கள் எந்தக் கிணறு கெடப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னார்கள்.

நாங்கள் எழுதும் அறிக்கைகளை அவர்தான் திருத்துவார். அதில் அவருக்கு ஒரு விநோதமான கோபம் உண்டு. 'காணப்படவில்லை' என்ற சொல்லைப் பார்த்தால் தாங்காது. ஓர் ஏரியைப் பற்றி 'ஆக்கிரமிப்பு ஏதும் காணப்படவில்லை' என்று நான் எழுதியிருந்ததைப் தாள் கிழிகிற அளவுக்குப் பேனாவால் அடித்தார். சத்தமே போடாத மனிதர் அன்றைக்குக் குரல் உயர்த்தினார். "யாரு பாக்கல? எந்த மாசம் பாக்கல? எங்க நின்னு பாக்கல? அத்த எழுதும்மா. காணப்படலனு எழுதினா பாக்காதவன் தப்பிச்சிடுவான்." நான் பயந்துபோனேன். ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று பிரவீன் கீழே போய்ச் சிரித்தான். அதற்குப் பிறகு எங்கள் அறிக்கைகளில் அந்தச் சொல் வந்ததே இல்லை.

எங்கள் குரல் செய்தி போகும் இடங்களில் ஒன்று, பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே உள்ள ஒரு காலனி. மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. முன்பு மேட்டு ஊர்க்காரர்களின் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். இப்போது அந்த வயல்களில் பாதி வீட்டுமனைகள் ஆகிவிட்டன. காலனி ஆட்கள் கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை, சிறுசேரியில் ஹவுஸ்கீப்பிங், ஆட்டோ என்று பிரிந்து போகிறார்கள். அங்கே எங்களுக்கு எல்லாம் ஸ்டெல்லா அக்காதான். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் துப்புரவு மேற்பார்வை. விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் எங்கள் கருவியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

நாங்கள் அங்கே வேலை தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு ஒரு மழையில் காலனிக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. ஸ்டெல்லா அக்காவின் மாமனார் அப்போது படுத்த படுக்கை. கட்டிலோடு தூக்கிப் போய் சர்ச் மேடையில் வைத்தார்கள். நனைந்து கிடந்தவர் அதன் பிறகு தேறவில்லை, கிறிஸ்துமஸுக்கு முன்பே அடக்கம் செய்தார்கள். அக்கா இதைச் சொல்லும்போதெல்லாம், அதற்கு முன்னால் எத்தனையோ மழை பார்த்திருக்கிறோம், தண்ணீர் வாசல்படி ஏறியதே இல்லை என்று சேர்த்துக்கொள்வார்.

அந்தக் காலனிக்கு மட்டும் சார் வரமாட்டார். எதையாவது சொல்லித் தட்டிக் கழிப்பார். நாங்கள் வற்புறுத்தி இரண்டொரு முறை கூட்டிப்போனபோது வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார். ஸ்டெல்லா அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம்மா என்றார். டீ போட்டுக் கொடுத்தபோதும் வேண்டாம்மா என்றார். பக்கத்து வீட்டில் இளநீர் வெட்டினார்கள், அதையும் தொடவில்லை. மேட்டு ஊரில் இறங்கியபோது ஒரு கடையில் அவர் சோடா வாங்கிக் குடித்ததை நான் பார்த்திருந்தேன். அக்காவின் பையன் ஒருவனும் பார்த்திருக்கிறான்.

மறுமுறை நான் தனியாகப் போனபோது அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "உங்க சாரு எங்க வூட்டுத் தண்ணியக் குடிக்க மாட்டாராமா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் பிறந்த தெருவில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே இன்றும் தனி டம்ளர் வைத்திருக்கிற பெரியம்மா உண்டு. சாருக்கு வயிறு சரியில்லை என்று ஏதோ உளறினேன். அக்கா சரி என்றார். நம்பவில்லை என்று அந்தச் சரியிலேயே தெரிந்தது.

செங்கல்பட்டுக்குத் திரும்பியதும் சாரிடம் கேட்டேன். கொஞ்சம் சூடாகவே கேட்டேன். அவர் சட்டைக்கைப் பொத்தானைக் கழற்றினார், மாட்டினார். "அதுக்கு இல்லம்மா" என்றார். வேறு எதற்கு என்று கேட்டேன்.  அடுத்த முறை எங்களோடு வந்து, அக்கா தந்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. அருவருப்பை அடக்கிக்கொண்டு குடிக்கிறவர் மாதிரி இருந்தது என்று அக்கா பிறகு சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றைக்கு அந்தச் சொம்பைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆனாலும் அவரை விட்டு விலக முடியவில்லை. விலகாததற்கு ஒரு காரணம், எங்களைக் கொண்டுபோய் மாவட்ட வெள்ளத் திட்டக் குழுவில் உட்காரவைத்தது அவர். எண்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம், சட்டமும் திட்டமும் போடுகிறவர்கள் மேசைக்குப் போகாத எண் அடுப்புக்குப் போகாத அரிசி என்பார். ஒரு பக்கத்துக்கு மேல் எந்த அதிகாரியும் படிக்கமாட்டார், அந்த ஒரு பக்கத்தில் எல்லாம் வரவேண்டும் என்று உட்காரவைத்து எழுதவைத்தார். கடைசியில் எங்கள் வெள்ள வரைபடம் அரசாங்கத் திட்டத்தின் இணைப்பாக வெளிவந்தது. அன்றைக்கு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மதுராந்தகம் மார்க்கெட்டில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வரைபடத்தில் காலனி அடர்த்தியான சிவப்பு.

கொஞ்ச காலத்தில் காலனியின் சர்ச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நீர் வழியில் குடியிருப்பதால் உயிராபத்து இருக்கிறது, அதனால் எல்லாக் குடும்பங்களும் மதுராந்தகத்துக்கும் அப்பால் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்படும். ஆட்சேபனை இருந்தால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொல்லலாம். அங்கே போனால் சிறுசேரி கம்பெனி பஸ் வராது, கல்பாக்கம் வேலை இல்லை, சர்ச் இல்லை, கல்லறை இங்கே கிடக்கும்.

நோட்டீஸைப் படித்துவிட்டு ஸ்டெல்லா அக்கா என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "உங்க மெஷினு சொல்லிதான் எங்கள எடுக்குறாங்களாமே. கட்சி ஆளு ஒருத்தன் சொல்றான், அதான் கேட்டேன்" என்றார். தினமும் அவர் விளக்கு எரிகிறதா என்று பார்த்த மெஷின் அது. பிரவீன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் அப்பாவின் போனை எடுக்கவில்லை.

வரைபடத்தில் தவறில்லை. தண்ணீர் அங்கேதான் வருகிறது. ஏன் அங்கே வருகிறது என்பதை நாங்கள் வரையவில்லை. காலனி ஆட்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: ஏரியிலிருந்து கால்வாய்க்கு ஓர் ஓடை போயிற்று, இரண்டு பக்கமும் பனைமரம், காலனிக்கு வடக்கே. அதைத் தூர்த்து வீட்டுமனை போட்டதற்கு அப்புறம்தான் தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பியது. அதிகாரிகள் தரப்பில், அந்த மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தபோது ஓர் ஆய்வறிக்கை வாங்கப்பட்டிருக்கிறது, அதில் ஓடை என்று எதுவும் இல்லை என்றார்கள். செயற்கைக்கோள் படத்தில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. வண்டிப் பாதையாகவும் இருக்கலாம் என்றார்கள்.

மாடி அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது சார் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். கிணற்று உப்புக் குழுவும் ஏரி வரைகிறவர்களும் தங்களிடம் உள்ளதையெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். அந்த அறிக்கையை எழுதியது யார் என்று பார்த்தீர்களா என்று சார் கேட்டார். கம்பெனி பெயர்தான் போட்டிருக்கிறது, அந்தக் கம்பெனியே இப்போது இல்லை என்றான் பிரவீன். அவர் தலையை ஆட்டினார். கீழே கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர் அன்று திரும்பி வரவில்லை.

கருத்துக் கேட்பு, காலனிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஒரு பெண் அதிகாரி. பொறுமையானவர். மேட்டு ஊர்க்காரர்கள், காலனி ஆட்கள், மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள், நாங்கள். ஸ்டெல்லா அக்கா எழுந்து ஓடையைப் பற்றிச் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டு, உங்கள் வார்த்தையை நான் மறுக்கவில்லைம்மா, ஆனால் எழுத்தில் இருப்பது வேறு என்று அந்த வரியை வாசித்துக் காட்டினார். 'மேற்படி நிலத்தில் நீரோட்டம் காணப்படவில்லை.'

எங்கள் அறிக்கையில் சார் அடித்த அதே சொல். பிரவீன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் எங்கள் பின்வரிசையிலிருந்து சார் எழுந்துவிட்டார்.

"அத்த எழுதினது நான்தாம்மா" என்றார்.

அதிகாரிக்குப் புரியவில்லை. நீங்கள் எந்த அமைப்பு என்று கேட்டார். சார் தன் பெயரைச் சொன்னார், அப்போது எந்தக் கம்பெனியில் என்ன வேலையில் இருந்தார் என்று சொன்னார்.  சித்திரை மாதம் அந்த நிலத்தைப் பார்க்க வந்திருக்கிறார். ஓடை இருந்தது. பனைமரங்கள் இருந்தன. வறண்டு கிடந்தது. மனை போடுகிறவர்களின் ஆள் கூடவே நடந்து வந்தானாம். தண்ணீர் ஓடுகிறதா சார், நீங்களே பாருங்கள் என்றானாம். ஓடவில்லை. ஓடவில்லை என்பதைத்தான் எழுதினேன் என்றார். "பொய் எழுதலம்மா. ஒரு வார்த்தகூடப் பொய் இல்ல. ஓடை கீதுன்றத மட்டும் எழுதல." லஞ்சம் எதுவும் தரவில்லையாம், இவரும் கேட்கவில்லையாம். அடுத்த வேலையும் அவர்களிடமிருந்தே வரும் என்று தெரியும், அவ்வளவுதான்.

 ஸ்டெல்லா அக்கா உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"எங்க மாமனாரக் கட்டிலோட தூக்கிகினு போனோம் சார். அது உங்களுக்குத் தெரியுமா?"

"டிவில பாத்தேம்மா. ஊரு பேரு போட்டான். தண்ணி எந்தப் பக்கத்துலருந்து வருதுனு எனக்குத் தெரிஞ்சுது. மறுநாள் வேலைக்குப் போவல."

அந்தக் கட்டில் டிவியில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. காலனி வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த ஜெராக்ஸ் கடை மாடியைப் பிடித்து, எங்களைப் போன்றவர்களைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார். நாங்கள் மைக் பிடித்து நன்றி சொன்னதெல்லாம் அவருக்குள் எப்படி இறங்கியிருக்கும் என்று அங்கே உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

 அக்கா அந்த இடத்தில் யாரும் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார். "அதனாலதான் எங்க வூட்டுல தண்ணி குடிக்கலயா?"

"எப்பிடிம்மா குடிப்பேன்."

"நான் வேற மாதிரி நெனச்சிகினு இருந்தேன் சார்."

"தெரியும்மா. இந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு." அவர் என்னைக் காட்டினார். "நீங்க அப்பிடியே நெனச்சுக்கினா பரவால்லனு விட்டுட்டேன். இத்தச் சொல்றதுக்கு அது மேலுனு தோணிச்சு."

அக்காவின் முகம் மாறியது அப்போதுதான். ஓடையைப் பற்றிக் கேட்டபோது இருந்த முகம் வேறு, இது வேறு. "அது மேலா சார்?" என்றார். குரல் உயரவே இல்லை. "தண்ணி வந்துச்சு, போச்சு. நீங்க சொம்பத் தள்ளினீங்க பாருங்க, அது எங்க ஆத்தா காலத்துலருந்து வந்துகினு கீது. அது உங்களுக்குப் பரவால்லயா?"

  அவ்வளவு பேர் நடுவில் தான் செய்ததைச் சொல்ல முடிந்த மனிதருக்கு அதற்கு மட்டும் ஒரு சொல் கிடைக்கவில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். மேட்டு ஊர்க்காரர்கள், நான், எல்லாரும். அக்கா பேசியது அவரிடம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயிறு சரியில்லை என்று நான் சொன்னபோது சரி என்று கேட்டுக்கொண்டவர் அக்கா.

அதிகாரி எல்லாவற்றையும் வாக்குமூலமாக எழுதி சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. சாருடைய அலுவலகத்துக்குப் பண உதவி தந்துகொண்டிருந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அவர் சேர்த்து வைத்த பொது எண்களையெல்லாம் கிணற்று உப்புக் குழு தங்கள் இடத்துக்கு மாற்றிக்கொண்டது. இன்றும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். பொன்னாடை போர்த்திய அன்று கண்கலங்கின அந்தப் பெண், ஏமாற்றிவிட்டார் என்று சொல்லி அதற்கப்புறம் அவர் பேச்சையே எடுப்பதில்லை. நாங்கள் செங்கல்பட்டுக்குப் போனால் அவரைப் பார்ப்போம். ஜெராக்ஸ் கடை மாடி காலியாகிவிட்டதால் ரயில் நிலைய டீக்கடையில் நின்று பேசுவோம். முழுக்கைச் சட்டை பொத்தான் போட்டபடியே இருக்கும். யாரும் நன்றி சொல்லாததால் முகத்தில் அந்த இழுப்பு மட்டும் இல்லை.

காலனியை எடுக்கிற உத்தரவு நின்றுபோனது. ஓடையைத் தோண்டித் திறக்க உத்தரவு வந்தது. ஓடை போன தடத்தில் மனைப்பிரிவின் மூன்று வீடுகள் நின்றன. மூன்றும் சிறுசேரி, நாவலூர் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் வாங்கியவை. ஓடை என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள். அவர்களில் ஒருவர் மனைவியோடு வந்து, டீக்கடையில் சார் எங்களோடு நின்றிருந்தபோது பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், பேச்சில் கெட்ட வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஒரு வரி எழுதி எனக்கு வூடு வாங்கிக் குடுத்தீங்க. இன்னொரு வரி பேசி இடிக்கிறீங்க. நடுவுல நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். அவர் மனைவி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டார். அவர்கள் போகும்வரை நகரவில்லை. நாங்கள் ஏதோ சமாதானம் சொல்லப் போனபோது வேண்டாம் என்று கையமர்த்தினார்.

பொக்லைன் வந்து இடித்த அன்று நாங்கள் போகவில்லை. ஸ்டெல்லா அக்கா போயிருந்தார். திரும்பி வந்து, நல்லா கட்டின வீடு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஐப்பசியில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று கடலோரமாகவே நின்று கொட்டியது. எங்கள் கருவிகள் ஏரி ஏறுவதைச் சொல்லிக்கொண்டே இருந்தன. விடிந்ததிலிருந்து நானும் பிரவீனும் திரையை விட்டு நகரவில்லை. மதகு திறந்தார்கள். தண்ணீர் ஓடையில் இறங்கியது. காலனிக்கு வடக்கே அப்படியே கால்வாய்க்குப் போனது. ஸ்டெல்லா அக்கா போனில் வீடியோ அனுப்பினார். வாசல்படி காய்ந்து கிடந்தது. படியில் ஒரு கோழி நின்றிருந்தது. பின்னால் யாரோ சர்ச் மணியை வேண்டுமென்றே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன் போட்டேன். காலனிக்குள் ஒரு சொட்டு வரவில்லை சார் என்றேன். நன்றி என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்த்தேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. எங்கோ வெளியில் நின்று பேசுகிறார் போலிருந்தது.

"நல்லதும்மா" என்றார். பிறகு, "அந்த மூணு வூட்டுக்காரங்க இப்ப எங்கம்மா கீறாங்க? அவங்க கீற பக்கம் தண்ணி எப்பிடி?" என்று கேட்டார்.

பிரவீன் திரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஏரி, மதகு, ஓடை, காலனியின் ஒவ்வொரு வீடும் அதில் இருந்தன. அந்த மூன்று குடும்பங்களையும் வீடு இடிந்த நாளுக்குப் பிறகு நாங்கள் ஒருமுறைகூட விசாரித்ததில்லை. அவர்கள் போன் நம்பர்கூட எங்களிடம் இல்லை.  தெரியாது சார் என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.